மோகினியும் டிராம் கட்டணமும்

மோகினிக் காதல் கதை எழுதப் புகும் இளைஞர்கள் பாழ்மண்டபத்தையும் நள்ளிரவையும் தேடி அலைகிறார்கள். வாசகருக்கோ அச்சமும் உண்டாவதில்லை, மோகமும் பிறப்பதில்லை. புதுமைப்பித்தன் 1943-இல் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதியபோது, சென்னைப் பிராட்வே முனையில் டிராம் கட்டணத்தை எண்ணிக் கணக்கிட்டு நின்றவர் முன்னே கடவுளைக் கொண்டு வந்தார். காப்பி ஹோட்டலுக்கும் அனுப்பினார். காலணாக் கவலை மெய். ஆகவே கடவுளையும் நம்பினோம்.

கலெக்டர் லயனல் பிளேஸைப் பற்றி நம் மதுராந்தகத்தில் வழங்கும் கதையும் அத்தகையதே. பெருமழையில் ஏரி உடையுமோ என்ற குடியானவர் கலக்கம் மெய். அதனாலன்றோ, கரையைக் காத்து நின்றதாகச் சொல்லப்படும் இராமலக்ஷ்மணர் இன்றும் நம் கண்முன் நிற்கின்றனர்! மோகினி பிறகு வரட்டும். முதலில் அவளைக் காதலிப்பவனுக்கு வீட்டு வாடகைக் கவலையைக் கொடுங்கள்.