பெஸ்ட் ஆஃப் கேட்கிறவன் என்ன தக்காளித் தொக்கா?

டிஸ்கி: இது முழுக்க முழுக்க டமால் டுமீல் சங்கீதம் பற்றிய புலம்பல். ராஜா பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இதெல்லாம் தகரத்துல ஆணி அடிக்கிற சத்தமாத்தான் இருக்கும். தலைவலி வந்தா கம்பெனி பொறுப்பில்லை.

போன மாசம் பெரியம்மா பையன் போன் பண்ணியிருந்தார். பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவர். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பெங்களூர் வந்தப்ப அரண்மனை மைதானத்துக்குப் போய் தொண்டை கிழியக் கத்திட்டு வந்த ஆசாமி. இப்ப அவர் இருப்பது வெளிநாட்டில், அவரோட சிடிக்கள் இருப்பது என் கட்டிலுக்கு அடியில். ரெண்டு அட்டைப்பெட்டி. நான் வீடு மாத்தப் போறேன்னு சொன்னதும், "அதையெல்லாம் எதுக்குடா தூக்கிட்டு அலையுற? எல்லாம்தான் போன்லயே வருதே, காயலான் கடையில போட்டுடு"ன்னுட்டார். அதோட விட்டாரா? "நல்ல ஆல்பமெல்லாம் நான் அப்பவே எடுத்துட்டு வந்துட்டேன். அங்க கிடக்கிறது பூரா சிங்கிளும் பெஸ்ட் ஆஃபும்தான், தம்பி."

அங்கதான் எனக்கு சுருக்குன்னுது.

இந்த ராக், மெட்டல் கேட்கிற கூட்டத்துல ஒரு வர்ணாசிரமம் உண்டு. உச்சாணிக் கொம்புல ஸ்டுடியோ ஆல்பம். அடுத்தது லைவ் ஆல்பம். அதுக்கும் கீழே சிங்கிள். கடைசியில, வாசலுக்கு வெளியே, செருப்பு விடுற இடத்துல தொகுப்பு ஆல்பம். என் ஆபீஸ்ல ஒரு சீனியர், என் மேஜையில மோட்டர்ஹெட்டின் 'நோ ரிமோர்ஸ்' சிடியைப் பார்த்துட்டு, "ஓ, நீ கோனார் நோட்ஸ் கேஸா?"ன்னு கேட்டார். பாடப்புத்தகம் படிக்காம நோட்ஸ் படிச்சுப் பாஸ் பண்ணவன்னு அர்த்தமாம். நான் நிஜமாவே கோனார் நோட்ஸ் படிச்சுப் பாஸ் பண்ணவன்தான், அது வேற விஷயம் (ஹி ஹி). ஆனா இந்த ஒப்பீடு தப்பு. ஏன்னா இந்த சங்கீதத்துல பல நேரம் நோட்ஸ்தான் முதல்ல வந்தது, பாடப்புத்தகம் பிறகுதான் வந்தது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திப் பார்ப்போம். 1980 தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'மெட்டல் ஃபார் முத்தாஸ்' என்று ஒரு தொகுப்பு வந்தது. அதுல அயர்ன் மெய்டனுக்கு ரெண்டு பாட்டு. அவங்களோட முதல் ஆல்பம் வந்தது அதுக்கப்புறம்தான். அமெரிக்காவில் பிரையன் ஸ்லேகல் என்று ஒருத்தர், ரெக்கார்டுக் கடையில வேலை பார்த்துக்கிட்டே ரசிகர் பத்திரிகை நடத்தினவர். ஊர்ல இருக்கிற கான்ட்ராக்ட் இல்லாத பேண்டுகளை எல்லாம் சேர்த்து 1982-ல் 'மெட்டல் மேசகர்' போட்டார். அவருக்குப் பழக்கமான டென்மார்க் பையன் ஒருத்தன், "நான் ஒரு பேண்டு சேர்த்தா எனக்கும் ஒரு இடம் தருவியா?"ன்னு கேட்டு வெச்சிருந்தான். அப்ப பையன்கிட்ட பேண்டு கிடையாது! இடம் உறுதியான பிறகுதான் ஆளே சேர்த்தான். பையன் பேரு லார்ஸ் உல்ரிக். சேர்த்த பேண்டு மெட்டாலிகா. தொகுப்பின் கடைசிப் பாட்டாக அவங்களோட 'ஹிட் த லைட்ஸ்'. முதல் பதிப்பின் அட்டையில பேரைக் கூட ஒரு 'டி' அதிகமாப் போட்டுத் தப்பா அச்சடிச்சாங்க. ஆக, தொகுப்பு ஆல்பத்தில் ஒரு இடம் காலியா இருந்ததாலதான் மெட்டாலிகாவே உருவாச்சு. இதுக்கு என்ன சொல்வீங்க சீனியர்?

இன்னொரு கதை. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, அதனால கொஞ்சம் நீட்டுவேன். இங்கிலாந்தில் டயமண்ட் ஹெட் என்று ஒரு பேண்டு. 1980-ல் கம்பெனி எதுவும் கண்டுக்காததால சொந்தமாவே 'லைட்னிங் டு த நேஷன்ஸ்' ஆல்பத்தைப் போட்டாங்க. அட்டையில படம் கிடையாது, பேரு கிடையாது, வெறும் வெள்ளை அட்டை. மேலே பேண்டுக்காரங்கள்ல ஒருத்தர் கையெழுத்து. தபால்ல பணம் அனுப்பினா தபால்ல வரும். கலிபோர்னியாவிலிருந்து அதை வரவழைச்சுக் கேட்டுக் கிறுக்குப் பிடிச்சவங்கள்ல நம்ம லார்ஸும் ஒருத்தர். 1981 கோடையில், 17 வயசுல, விமானம் ஏறி இங்கிலாந்து போய், கச்சேரி பார்த்து, அவங்க வீட்டுலயே போய்த் தங்கிட்டார். (நம்ம வீட்டுல கும்பகோணம் கச்சேரிக்குப் போகக் கேட்டாலே என்ன நடக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை.)

டயமண்ட் ஹெட்டுக்கு எதிர்பார்த்த பெரிய விடிவு வரவேயில்லை. ஆனா மெட்டாலிகா அவங்களை விடலை. 1984-ல் 'கிரீப்பிங் டெத்' சிங்கிளின் பின்பக்கத்தில் 'ஆம் ஐ ஈவில்?'. 1987-ல் ஒரு ஈ.பி.யில் 'ஹெல்ப்லெஸ்'. அடுத்து ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் 'த பிரின்ஸ்'. 1998-ல் 'இட்ஸ் எலெக்ட்ரிக்'. நாலும் அந்த ஒரே வெள்ளை அட்டை ஆல்பத்துப் பாட்டு. மொத்த ஆல்பத்துலயே ஏழு பாட்டுதான்! போதாக்குறைக்கு 1990-ல் லார்ஸும் ஜெஃப் பார்ட்டன் என்ற பத்திரிகைக்காரரும் சேர்ந்து அந்தக் காலத்து இங்கிலாந்து பேண்டுகளுக்காகவே 'நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் '79 ரீவிசிட்டட்' என்று ஒரு தொகுப்பு போட்டாங்க. அதுலயும் டயமண்ட் ஹெட் உண்டு. 2020-ல் டயமண்ட் ஹெட் அந்த முதல் ஆல்பத்தைத் திரும்பப் பதிவு பண்ணப்ப, கூடவே மெட்டாலிகாவோட 'நோ ரிமோர்ஸ்' பாட்டையும் பாடி வெச்சாங்க. மொய் திருப்பி வெக்கிறது என்பது இதுதான். நாற்பது வருஷம் கழிச்சு.

இந்த மொய்க் கணக்கு பெரும்பாலும் எங்க எழுதப்பட்டிருக்குன்னு பாருங்க. சிங்கிளின் பின்பக்கத்தில், ஈ.பி.யில், தொகுப்பில். மெட்டாலிகாவின் 'முக்கியமான' ஆல்பங்களை மட்டும் அடுக்கி வெச்சிருக்கிறவர் வீட்டில் டயமண்ட் ஹெட் என்ற பேரே இருக்காது.

அந்த 1987 ஈ.பி. பற்றி ஒரு வார்த்தை. அதோட முழுப்பேரே 'த 5.98 டாலர் ஈ.பி.: கராஜ் டேஸ் ரீ-ரீவிசிட்டட்'. கடைக்காரன் கூடுதலா வெச்சு விக்கக்கூடாதுன்னு விலையையே தலைப்பில் போட்டுட்டாங்க. சிடியா வந்தப்ப தலைப்பில் 9.98 டாலர் ஆயிடுச்சு. எம்.ஆர்.பி.யையே பேரா வெச்ச சங்கீத வஸ்து எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். பிறகு அது கடையிலிருந்து காணாமப் போய், வருஷக்கணக்கா திருட்டுப் பதிப்புகள் ஓடுச்சு. 1998-ல் 'கராஜ் இங்க்.' வந்தப்ப அதோட ரெண்டாவது சிடியில் இந்த ஈ.பி., பழைய பி சைடுகள், லெம்மியின் 50-வது பிறந்தநாளுக்காக 1995-ல் வாசிச்ச நாலு மோட்டர்ஹெட் பாட்டு எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்தாங்க. அதுல இருக்கிற 'ஸ்டோன் கோல்ட் கிரேஸி' குயீன் பாட்டு. எலெக்ட்ரா கம்பெனியின் 40-வது வருஷத் தொகுப்புக்காக 1990-ல் பாடினது. 1991-ல் கிராமி வாங்குச்சு. செருப்பு விடுற இடத்துலருந்து நேரா மேடைக்கு!

நிற்க. தொகுப்புன்னா எல்லாமே தங்கம்னு நான் சொல்ல வரலை. என் அளவுகோல் சிம்பிள். இந்த சிடி வராமலே போயிருந்தா எந்தப் பாட்டு நடுத்தெருவில் நின்றிருக்கும்? ஒண்ணுமில்லைன்னா அது கல்லா கட்டுற வேலை.

2004-ல் வந்த கன்ஸ் அண்ட் ரோசஸ் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' அந்த ரகம். 14 பாட்டு. அதுல அஞ்சு, அடுத்தவன் பாட்டு. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்காம இருந்த ஆக்சல் ரோஸ், ஸ்லாஷ், டஃப் மூணு பேரும் ஒரே பக்கம் நின்னு இதை வெளியிடக்கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. தோத்தாங்க. சிடி வந்துச்சு, வித்துத் தள்ளுச்சு. ஏசி/டிசி இன்னும் கறார். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'ன்னு ஒண்ணு போடவே மாட்டோம்னு நின்னவங்க. ஆனா 2010-ல் 'அயர்ன் மேன் 2' சினிமாவுக்குன்னு 15 பழைய பாட்டைச் சேர்த்து ஒரு சிடி வந்துச்சே, அதுக்கு என்ன பேருண்ணே? சாம்பார்னு சொல்லாம குழம்புன்னு சொல்லிக்கிட்டா ஆச்சா?

சிங்கிள் விஷயத்துலயும் தில்லுமுல்லு உண்டு. பெட்டியில அயர்ன் மெய்டனின் 'வைரஸ்', 1996. அந்த வருஷ 'பெஸ்ட் ஆஃப் த பீஸ்ட்' தொகுப்புக்காகப் பண்ணின ஒரே புதுப் பாட்டு, எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் கிடையாது. இங்கிலாந்தில் அந்த சிங்கிளை ரெண்டு சிடியாப் பிரிச்சு வித்தாங்க. ஒண்ணுல ரெண்டு அடுத்தவங்க பாட்டு, இன்னொண்ணுல மேலே சொன்ன 'மெட்டல் ஃபார் முத்தாஸ்' காலத்து ரெண்டு பாட்டு. ரசிகன் ரெண்டையும் வாங்கியே ஆகணும், ஹிட் லிஸ்ட் கணக்கிலும் ரெண்டா ஏறும். அப்பட்டமான வியாபாரம். ஆனாலும் பாருங்க, 1980-ல் வந்து தேடக் கிடைக்காம இருந்த பதிவு 16 வருஷம் கழிச்சு அந்த வியாபாரத்தாலதான் சிடியில ஏறி, பெரியம்மா பையன் மூலமா என் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்துச்சு. திட்டுறதா கும்பிடுறதான்னு தெரியலை. இதே ஆளுங்க 1990-ல் பழைய சிங்கிளையெல்லாம் பத்து டிஸ்க்கா வாரிசையா விட்டு, ஒவ்வொண்ணுலயும் கூப்பன் வெச்சு, பத்தும் சேர்த்து அனுப்பினா அடுக்கி வைக்க ஒரு பெட்டி தருவோம்னாங்க. சோப்பு வாங்கினா டப்பா ஃப்ரீ டெக்னிக். ஆனா ஒவ்வொரு டிஸ்க்கிலும் டிரம்மர் நிக்கோ உக்கார்ந்து அந்தப் பாட்டுகளோட கதையை அரட்டை அடிச்சிருப்பார். அதுக்காகவே கூப்பனை மன்னிக்கலாம்.

எப்படி இருக்கணும்னா, சீனியர் கிண்டலடிச்ச அந்த 'நோ ரிமோர்ஸ்' மாதிரி இருக்கணும். 1984-ல் மோட்டர்ஹெட்டின் கம்பெனி ஒரு தொகுப்பு போடப் பார்த்துச்சு. லெம்மி விடலை. பாட்டைத் தானே தேர்ந்தெடுத்தார், ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு எழுதினார், புது ஆளுங்களோட நாலு புதுப் பாட்டும் பதிவு பண்ணி உள்ளே வெச்சார். அந்த நாலுல ஒண்ணு 'கில்ட் பை டெத்'. மோட்டர்ஹெட் பேரைச் சொன்னா ஞாபகம் வர்ற முதல் சில பாட்டுல அதுவும் ஒண்ணு. அது பிறந்த வீடே ஒரு தொகுப்புதான்.

இப்ப "எல்லாம்தான் போன்லயே வருதே" மேட்டருக்கு வருவோம். வருது, ஒத்துக்கறேன். என் லேப்டாப்புல சிடி போட ஓட்டையே கிடையாது, தனியா ஒரு டிரைவ் வாங்கி ஒயர்ல மாட்டித்தான் கேக்குறேன். ஆனா போன்ல வர்றது எந்தப் பதிப்பு? ஆசி ஆஸ்போர்னின் 'பிளிசர்ட் ஆஃப் ஆஸ்' 1980 ஆல்பம். 2002-ல் அதை மறுபடி சிடியா விட்டப்ப, பழைய பாஸையும் டிரம்ஸையும் அழிச்சுட்டு வேற ரெண்டு பேரை வாசிக்க வெச்சு ஒட்டிட்டாங்க. அட்டை அதே அட்டை, பாட்டு அதே பாட்டு, பாப் டெய்ஸ்லியும் லீ கெர்ஸ்லேக்கும் மட்டும் காணோம். 2011-ல்தான் பழையபடி வந்துச்சு. நடுவுல ஒன்பது வருஷம், ஒரிஜினல் வேணும்னா பழைய சிடி வெச்சிருந்தவன் வீட்டுக்குத்தான் போகணும். எங்க தொழில்ல, பேக்கப் எடுக்காம புரொடக்‌ஷன்ல இருக்கிற ஃபைல் மேல இன்னொண்ணை எழுதினா டமேஜர் நம்மளைக் கொன்னுடுவார். பாட்டு உலகத்துல அதைப் பண்ணினா ரீமாஸ்டர்னு பேரு. இப்ப சர்வர்ல மாத்தினா உலகம் பூரா ஒரே ராத்திரியில மாறிடும், மாறினது கூட நமக்குத் தெரியாது. வெள்ளித்தட்டுல அச்சானதை மட்டும் யாராலயும் வந்து திருத்த முடியாது.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட அரை மணி நேரம் மூச்சு விடாம சொன்னேன். "இவ்ளோ பேசுறியே, ஷிஃப்டிங் வண்டிக்காரன் பெட்டிக்கு எவ்ளோ கேட்டான்?"னார். சொன்னேன். "நானே அனுப்பறேன், வெச்சுக்க. 'வைரஸ்' ரெண்டையும் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு"ன்னார். அனுப்பினேன். பதிலே இல்லை. மறுநாள் காலையில "சிடியில கீறல் இருக்கா?"ன்னு ஒரு மெசேஜ்.

பெட்டியிலருந்து வெளியே போனது ஒரே ஒரு சிடி. நான் திட்டித் தீர்த்த அந்த கன்ஸ் அண்ட் ரோசஸ் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'தான். டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு, அப்பா கார்ல இன்னும் சிடி பிளேயர்தான் இருக்கு, சும்மா கேக்க ஏதாவது இருந்தா குடுங்கன்னு கேட்டா. தொல்லை விட்டதுன்னு குடுத்துட்டேன். திங்கட்கிழமை டீ குடிக்கப் போனப்ப, "இதுல முதல் பாட்டு இருக்குல்ல, அது எந்த ஆல்பம்? அந்த ஆல்பம் முழுசா இருக்கா உங்ககிட்ட?"ன்னு கேக்குறா.

அதைத்தான் அண்ணன் அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாரே... அவ்வ்வ்.