தட்டும் டம்ளரும் தனி வேண்டாம்!

காமாலை என்றதும் கீழாநெல்லியும் பத்தியமும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் பி, சி வகைக் கிருமிகள் கண் மஞ்சளாகாமலே பல வருஷம் ஈரலைக் கெடுக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

சுகாதார நர்ஸம்மாவுடன் நானும் வீடு வீடாகப் போவதுண்டு. சென்ற மாதம் ஒரு கர்ப்பிணிக்கு 'பி' இருப்பது தெரிந்தது. உடனே மாமியார் தட்டு, டம்ளரைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். "சேர்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாதும்மா. ரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும்" என்று நர்ஸம்மா எடுத்துச் சொன்னார். அந்தப் பெண்ணோ, ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று அழுதாள். "நான் கூட வர்றேன், வாம்மா" என்று அழைத்துப்போனேன். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட ஏற்பாடாகியிருக்கிறது.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'சி' பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். 'பி'யை மருந்தால் அடக்கி வைக்கலாம்.

சகோதரிகளே! டயாலிசிஸ் செய்துகொள்பவர், அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், பச்சை குத்திக்கொண்டவர் என்று உங்கள் தெருவிலும் இருப்பார்கள். பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். போகத் தயங்கினால் துணைக்குப் போங்களேன்!