மலைமேல் அன்னதானம், அடிவாரத்தில் கண்ணீர்

திருமலையில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் இலவசமாகப் பசியாறுகிறார்கள். அந்த மலையின் அடிவாரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் விவசாயியோ தக்காளிக்கு விலை கிடைக்காமல் சாலையோரத்தில் கொட்டுவதும், மாம்பழ வண்டியுடன் பழக்கூழ்த் தொழிற்சாலை வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதும் ஆண்டுதோறும் வரும் செய்திகளாகிவிட்டன. நாட்டின் மிகப்பெரிய சமையற்கூடங்களுள் ஒன்றும், வாங்குவோர் இல்லாத விளைச்சலும் அருகருகே இருப்பதை இயற்கையின் குற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. இது கொள்முதல் கொள்கையின் குற்றம்.

சித்தூரும் திருப்பதியும் மழையை நம்பிய மேட்டுநிலப் பகுதிகள். 2022 ஏப்ரல் வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு ஆகியவைதான் இம்மண்ணின் உணவாக இருந்தன. கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் ராயலசீமை மக்களின் அன்றாடச் சாப்பாடு. அந்த நிலங்களைப் பிறகு மானாவாரி நிலக்கடலை ஆக்கிரமித்தது. 1983-இல் என்.டி. ராமராவ் அரசு கிலோ அரிசியை ரூ.2-க்கு வழங்கத் தொடங்கியது. ஏழைகளின் பசியைத் தணித்த மாபெரும் திட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால், நெல் விளையாத ஊர்களிலும் அரிசியே அன்றாட உணவாயிற்று. டெல்டா மாவட்டங்களிலிருந்து அரிசி வந்து சேர, உள்ளூர்ச் சிறுதானியத்துக்குச் சந்தை சுருங்கியது.

கடலால் சூழப்பட்ட தீவுகள், கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலையில் இருப்பதைப் பார்க்கிறோம். கடல் இல்லாமலேயே ஒரு பகுதியைத் தீவாக்கிவிட முடியும் என்பதற்கு ராயலசீமை சான்று. விளைவது வெளியே போகிறது. உண்பது வெளியிலிருந்து வருகிறது. இடையில் லாரி வாடகையும் தரகும் வளர்கின்றன.

மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை தென்னிந்தியா முழுவதற்கும் விலை சொல்லும் சந்தை. 2023 ஜூலையில் கிலோ ரூ.100-ஐக் கடந்து பறந்த விலை, சில வாரங்களிலேயே சரிந்தது. உயர்ந்தபோது நகரத்து நுகர்வோர் அலறினர். அரசுகள் மானிய விலைக் கடைகளைத் திறந்தன. சரிந்தபோது பறிகூலிக்கும் கட்டாத விளைச்சலை விவசாயி செடியிலேயே விட்டார். அப்போது தில்லியில் எந்தக் கடையும் திறக்கப்படவில்லை.

மாம்பழத்தின் கதை இன்னும் கூர்மையானது. நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் தோதாபுரி மாங்காய்தான் சித்தூரின் முதன்மைப் பயிர். பெரும்பகுதி பழக்கூழாகிக் குளிர்பான நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. வாங்குவோர் சிலரே, விற்போரோ பல்லாயிரவர் என்னும்போது விலையை யார் நிர்ணயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2025 கோடையில் முந்தைய ஆண்டின் பழக்கூழ் இருப்பு தேங்கியிருந்த நேரத்தில் விளைச்சலும் மிகுந்தது. ஆலைகள் கிலோவுக்கு ரூ.8 தர வேண்டும், அரசு ரூ.4 சேர்த்து ரூ.12 கிடைக்கச் செய்யும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அத்துடன் நில்லாமல், பிற மாநிலத் தோதாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று ஜூன் 7-இல் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் திருப்பி அனுப்பப்பட்டன. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். கோலார், சீனிவாசபுரம் விவசாயிகளும், சித்தூர் ஆலைகளை நம்பியிருந்த நம் எல்லையோர விவசாயிகளும் தவித்தார்கள். பின்னர் மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் உதவிக்கு வந்தது.

உள்ளூர் விளைச்சலைக் காப்பது என்றால் எல்லையில் தடுப்புக் கட்டை போடுவது என்று பொருளல்ல. அரசியல் சாசனத்தின் 301-ஆவது பிரிவு நாடெங்கும் வணிகச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. பொதுநலன் கருதிக் கட்டுப்பாடு விதிக்க வேண்டுமானால் 304-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் முன் அனுமதியோடு சட்டப்பேரவையில் மசோதா கொண்டுவர வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் ஓர் உத்தரவால் அதைச் செய்துவிட முடியாது. பங்காருபாளையத்து விவசாயியின் வயிற்றில் அடிக்கும் அதே விலைச் சரிவு, எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி விவசாயியையும்தான் தாக்குகிறது. ஒருவரை மறித்து மற்றவரைக் காப்பாற்ற இயலாது. இருவரையும் காப்பாற்றக் கூடியது, நம்பத் தகுந்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான்.

அந்த வாடிக்கையாளர் திருப்பதியிலேயே இருக்கிறார். திருமலையில் அன்னதானத் திட்டம் 1985-இல் நாளொன்றுக்கு 2,000 பக்தர்கள் என்ற அளவில் தொடங்கியது. இன்று அது நடைபெறும் மாபெரும் வளாகம், சித்தூர்ச் சீமையின் தரிகொண்டாவில் பிறந்த பக்தைக் கவிஞர் வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரிசி, பருப்பு, காய்கறி, வெல்லம், நெய் என்று அங்கு ஆண்டு முழுவதும் வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. எந்த மாதத்தில் எவ்வளவு தேவை என்பதும் முன்கூட்டியே தெரிந்தது. விவசாயிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் வாய்க்க முடியுமா?

கோயில் உள்ளூர் வயலை வளர்ப்பது புதிய யோசனையும் அன்று. பல்லவ அரசி சாமவை திருமலைக் கோயிலுக்கு நிலம் அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. விஜயநகரப் பேரரசுக் காலத்தில் பக்தர்கள் அளித்த பொற்காசுகள் கருவூலத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் அவை முதலீடாயின. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து திருப்போனகம் படைக்கப்பட்டது. பர்ட்டன் ஸ்டெய்ன் என்ற வரலாற்றாசிரியர் 1960-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக விளக்கியுள்ளார். அக்கல்வெட்டுகளுள் பல தமிழில் பொறிக்கப்பட்டவை. பக்தரின் காணிக்கை ஏரி நீராகி, நெல்லாகி, பிரசாதமாகி மீண்டும் பக்தரிடமே வந்த ஒரு சுழற்சி அன்று இருந்தது.

இன்று அந்தச் சுழற்சி அறுந்துவிட்டது. பாலையே எடுத்துக்கொள்வோம். கொழுப்புச் சத்து மிகுந்த பாலுக்குப் பெயர்பெற்ற குட்டை இனமான புங்கனூர்ப் பசு இம்மாவட்டத்துக்கே உரியது. அழிவின் விளிம்புக்குச் சென்ற அந்த இனம் பலமனேர் ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் பிழைத்திருக்கிறது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்டது. அதை அமுல் நிறுவனத்தின் மூலம் புதுப்பிக்க 2023 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. இதற்கிடையே, புவிசார் குறியீடு பெற்ற லட்டுக்கான நெய், குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற முறையில் எங்கெங்கிருந்தோ வந்தது. கட்டுப்படியாகாத விலைக்குத் தர முடியாது என்று கர்நாடகப் பால் கூட்டமைப்பு 2023-இல் விலகி நின்றது. 2024 செப்டம்பரில் நெய்யின் தரம் பற்றி எழுந்த புகார் நாட்டையே உலுக்கியது. அக்டோபர் 4-இல் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால், எந்த மாட்டின் பால், எந்த ஊரின் நெய் என்று சொல்ல முடியாத நீண்ட சங்கிலியில் கலப்படத்துக்கு இடம் உண்டு என்ற பாடத்துக்குத் தீர்ப்பு தேவையில்லை. உற்பத்தியாளர் கண்ணெதிரே இருந்தால் தரத்தைச் சோதிப்பதும் எளிது. தவறு செய்தவரைப் பிடிப்பதும் எளிது.

இயற்கை வேளாண்மையில் ஆந்திரம் முன்னோடி மாநிலம். 2016-இல் தொடங்கிய அதன் சமூக இயற்கை வேளாண்மைத் திட்டம் 2024-இல் குல்பென்கியன் மனிதநேய விருதைப் பகிர்ந்துகொண்டது. இயற்கை முறையில் விளைந்த பொருள்களைக் கொண்டு ஏழுமலையானுக்கு நைவேத்தியம் படைக்கும் முயற்சியைத் தேவஸ்தானம் 2021-இல் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், சுவாமிக்குப் படைக்கும் அளவு சிறிது. பக்தர்களுக்குப் படைக்கும் அளவே பெரிது. அறங்காவலர் குழுவும் ஆட்சியும் மாறினாலும் மாறாத நெடுங்கால ஒப்பந்தம் இருந்தால்தான் விவசாயி துணிந்து பயிரை மாற்றுவார்.

இதில் அவசரமும் ஆபத்து. இலங்கை அரசு 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. மண்ணைத் தயார்ப்படுத்தாமல், விவசாயியைக் கலந்து கொள்ளாமல் மேலிருந்து திணிக்கப்படும் நல்லெண்ணமும் பட்டினியில் முடியும் என்பதை அந்தத் தீவு நமக்குக் காட்டியது. மாறாக, பிரேசில் நாடு பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதம் சிறு, குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிடப்பட வேண்டும் என்று 2009-இல் சட்டம் இயற்றியது. யாருக்கும் தடை இல்லை. உள்ளூர் விவசாயிக்கு உறுதியான ஒரு பங்கு மட்டும் உண்டு.

நம் நாடாளுமன்றம் இதற்கான கதவை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. 2013-இல் நிறைவேறிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பொது விநியோகத்தில் பொருள்களைப் பல்வகைப்படுத்தவும், உள்ளூர் விநியோக முறைகளுக்கும் தானிய வங்கிகளுக்கும் ஆதரவளிக்கவும் அரசுகளைக் கேட்டுக்கொள்கிறது. இரு அவைகளிலும் இரவு வரை நீண்ட விவாதங்களில் அரிசியும் கோதுமையும் மானியத் தொகையும் அலசப்பட்ட அளவுக்கு இந்தப் பிரிவு கவனம் பெறவில்லை. கர்நாடகம் தன் விவசாயிகளிடம் கேழ்வரகைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கி நியாய விலைக் கடைகளில் வழங்குகிறது. தமிழகம் 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கியது. ஆந்திரப் பள்ளிகளில் 2023 மார்ச்சில் கேழ்வரகுக் கஞ்சி அறிமுகமானது. 2025-26 பருவத்தில் கேழ்வரகுக்கு அறிவிக்கப்பட்ட ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,886, நெல்லுக்கு ரூ.2,369. விலையை அறிவித்தால் மட்டும் போதாது. வாங்குவதற்கு ஆள் வேண்டும். வாங்காத ஆதரவு விலை வெறும் காகித விலைதான்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தேவஸ்தானம் தன் அன்னப்பிரசாதத் தேவையில் ஒரு பங்கை, ஆண்டுக்கு ஆண்டு உயர்த்திச் செல்லும் வகையில், சுற்றுவட்டார விவசாயிகளின் உற்பத்திக் குழுக்களிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமும் வாங்குவதாக அறிவிக்க வேண்டும். விலை விதைப்புக்கு முன்பே தெரிவிக்கப்பட வேண்டும். தரச் சோதனை கண்டிப்பாக இருக்கட்டும். அதற்கான ஆய்வுக்கூடச் செலவைச் சிறு விவசாயியின் தலையில் கட்டாமல் தேவஸ்தானமும் அரசும் ஏற்கட்டும். தக்காளிக்கும் காய்கறிக்கும் குளிர்பதனக் கிடங்குகள் வேண்டும். தூர்ந்துபோன ஏரிகளைச் சீரமைக்கக் காணிக்கை நிதியில் ஒரு பகுதியைச் செலவிடுவது, பழைய மரபை மீட்பதாகவே அமையும்.

விலை உயர்ந்து போகும் என்று வாதிடுவோர் உண்டு. சில பொருள்களுக்கு உயரலாம். உள்ளூரில் விளையாததை வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும்; வறட்சி ஆண்டில் அந்த அளவு கூடவும் செய்யும். ஆனால், மலிவாக வாங்கியதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை 2024-இல் பார்த்துவிட்டோம். பக்தர்கள் உண்டியலில் இடும் காசு சந்தையில் மிகக் குறைந்த விலையைத் தேடுவதற்காக அளிக்கப்படுவது அன்று.

மத்திய அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2024 நவம்பரில் ரூ.2,481 கோடி மதிப்பில் ஏற்கப்பட்ட தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம், ஒரு கோடி விவசாயிகளைச் சென்றடையும் என்கிறார்கள். அவர்கள் விளைவிப்பதை யார் வாங்குவது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அந்த இயக்கம் வெற்றி பெறாது. ராணுவ முகாம்கள், ரயில்வே, மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள் என்று அரசின் சமையற்கூடங்கள் நாடெங்கும் இருக்கின்றன. அவை அந்தந்த வட்டாரத்து விளைச்சலில் உறுதியான பங்கை வாங்கவேண்டும் என்று விதி வகுக்க நாடாளுமன்ற வேளாண்மை நிலைக்குழு பரிந்துரைக்கலாம். சித்தூர், திருப்பதி உறுப்பினர்களும், அதே துயரைச் சுமக்கும் கிருஷ்ணகிரி, கோலார் உறுப்பினர்களும் கட்சி கடந்து இதற்காக ஒன்றாகக் குரல் கொடுக்க வேண்டும். மாநில எல்லைக்காகப் போராடிய வரலாறு நமக்கு உண்டு. எல்லைக்கு இருபுறமும் ஒரே மாதிரி நசுங்கும் விவசாயிக்காக இணைந்து நிற்பது அதைவிட எளிதாகத்தானே இருக்க வேண்டும்?

அன்னதானம் மகா தானம் என்கிறோம். அந்த அன்னத்தை விளைவித்தவனுக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் தானம் முழுமை பெறும். அடுத்த மாம்பழப் பருவத்துக்கு முன்பே திருப்பதியிலிருந்து அந்த அறிவிப்பு வரட்டும்.