சல்லிக்கு அப்பால் ஒரு கல்

கே.கே. நகரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் பரங்கிமலை. அதனையடுத்துத் திரிசூலம், பல்லாவரம். இக்குன்றுகளின் கருங்கல்லில் பெரும்பகுதி சல்லியாகச் சென்னைக்குள் சென்று சேர்ந்துவிட்டது. எஞ்சிய பாறைமுகங்களையேனும் காக்க வேண்டும். பழம்பெருமைக்காக அன்று, கண்டங்கள் வளர்ந்த வரலாற்றுக்கு அவை நேர்ச்சான்று என்பதற்காக.

இப்பாறையின் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த வழி விந்தையானது. கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலயத்தில், கிழக்கிந்தியக் கும்பினியைச் சார்ந்த ஜாப் சார்னோக்கின் கல்லறை உள்ளது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அது சென்னைக் குன்றுகளின் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, 1893இல் அவர் பெயரையே சூட்டினார். மலை இங்கிருக்க, பெயர் கல்லறையிலிருந்து வந்தது!

இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எண்ணெய் பூசியது போன்ற கருமையுடைய இக்கல்லில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் உண்டு. அதுவே முதன்மைச் சான்று. ஹார்ன்பிளெண்டு, பயோடைட்டு ஆகியவை தம் அமைப்பில் நீரைக் கொண்ட கனிமங்கள். வெப்பம் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை உயரும்போது, அவை சிதைந்து நீரை இழக்க, ஹைப்பர்ஸ்தீன் தோன்றுகிறது. உடனுறையும் கனிமங்களோ அழுத்தத்தைக் கூறுகின்றன. அது 20 கிலோமீட்டர் அளவிலான ஆழத்தைக் குறிக்கும். அவ்வாழத்தில் உருவான பாறை இன்று வெயிலில் கிடக்கிறது என்றால், மேலிருந்த சுமை முழுவதும் அரித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். ஆயினும், தென்னிந்தியாவின் அடியில் இன்றும் 30 கிலோமீட்டருக்கு மேல் மேலோடு எஞ்சியுள்ளது. அப்படியாயின், கண்டம் அந்நாளில் மிகத் தடித்திருந்ததா, பின்னர் அடியிலிருந்து வளர்ந்ததா? அறிஞர்களை நெடுங்காலம் ஈர்த்த வினா இது.

ஹாலந்து இதனைத் தீப்பாறை என்றே கருதினார். 1960இல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் நைஸ் பாறை திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை எடுத்துக்காட்டினார். அம்மாற்றம் தெளிவாகத் தெரிவது கல்குவாரியின் வெட்டுமுகத்தில்தான். ஆதலின் குவாரிகளை வெறுமனே பழிப்பது முறையன்று. உடைத்து முடித்தபின் குழியைக் குப்பையால் நிரப்புவதே பெருங்கேடு.

பல்லாவரத்தில் ஓரிடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. நன்று, எனினும் ஓரிடம் போதாது. கைவிடப்பட்ட குவாரிகளில் இரண்டு மூன்று வெட்டுமுகங்களை வேலியிட்டுக் காத்து, படிகள் அமைத்துத் திறந்துவிட்டால், கே.கே. நகர் மாணவர்கள் உருமாற்றப் பாறைகளைப் பேருந்தில் சென்றே தொட்டுப் பார்க்கலாம்.