ஒளிந்திருக்கும் குறிப்பை நம்பலாமா?

புள்ளியியல் கணக்குகளுக்கு 'ஆர்' என்ற இலவச மொழி உண்டு. இதில் அட்டவணையை 'டேட்டா ஃப்ரேம்' என்பார்கள். ஒவ்வொரு நெடுவரிசையோடும் 'காமென்ட்' கட்டளை மூலம் ஒரு குறிப்பை ஒட்டி வைக்கலாம். அட்டவணையைத் திரையில் பார்த்தால் குறிப்பு தெரியாது, கேட்டால்தான் வரும்.

வசதிதான். ஆனால் நான் பட்ட பாடு வேறு. எடை நெடுவரிசையில் 'பவுண்டு கணக்கு' என்று குறிப்பு ஒட்டி, சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்து அலுவலக நண்பருக்கு அனுப்பினேன். சிஎஸ்வி வெறும் டெக்ஸ்ட் அல்லவா? குறிப்பு அதில் ஏறவே இல்லை. அவர் கிலோ என்று எடுத்துக்கொண்டார். 68 கிலோ ஆசாமி 150 கிலோ ஆகிவிட்டார்! இரண்டு நாள் வேலை வீண். தவறு என்னுடையது, திட்டு வாங்கியது அவர்.

சில வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்தாலே அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். ஆர்டிஎஸ் ஃபைலாகச் சேமித்தால் தங்கும். ஆனால் அதை எக்செல் திறக்காது. எனவே அலகைத் தலைப்பிலேயே 'எடை_பவுண்டு' என்று எழுதுங்கள் என்பேன். பார்க்க அழகில்லை என்பார்கள், பரவாயில்லை.

'நமக்கு ஆர் எதற்கு?' என்கிறீர்களா? உங்கள் எக்செல் செல்லில் ஒட்டிய காமென்ட்டும், சிஎஸ்வி-யாகச் சேமித்தால் இப்படித்தான் காணாமல் போகும்.