கேட்பதற்கும் கூலி உண்டு

வரி, லைசென்சு, எடைக்கல் முத்திரை என்று பேசி வரும் நாம் இம்முறை கார் இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோமே என்று யாரும் நினைக்க வேண்டாம். இதுவும் நம் கல்லாப் பெட்டி சம்பந்தப்பட்டதுதான்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் பழைய வண்டியை வைத்தே காலம் தள்ளும் வியாபாரிகள் அநேகம். நம் தகப்பனார் 1988-ல் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர் இன்றும் நம் மண்டி வாசலில் நிற்கிறது. 1957-ல் தொடங்கிய அந்தக் காரின் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. வண்டி ஓடுகிறது. அதன் சத்தம் புரிந்த காதுகள்தாம் குறைந்து வருகின்றன.

சென்ற ஐப்பசியில் அரியலூருக்கு வசூலுக்குப் போய்த் திரும்பும்போது இன்ஜினில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இன்ஜினை இறக்க வேண்டும், 45 ஆயிரம் ஆகும்" என்றார்கள். மனம் ஒப்பாமல் வயதான மேஸ்திரி ஒருவரிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார். "காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறதா, சூடான பிறகா? நிற்கும்போதா, மேட்டில் இழுக்கும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா?" பிறகு ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இன்ஜினை ஓடவிட்டார். சத்தம் இல்லை. வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். செலவு 1,800 ரூபாய்.

அன்று அவர் சொன்னதில் நம் மனதில் நின்றவை இவை. குளிரில் தட்டி, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் தேய்மானம், உடனே பயமில்லை. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் 'சிலுசிலு' என்றால் டைமிங்கையும் கரியையும் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தால் வந்து, விட்டால் போகும் சத்தம் இன்ஜினுடையதே அல்ல, கிளட்ச் பேரிங்குடையது. இன்ஜினின் அடியிலிருந்து கனமாக இடித்து, ஆயில் பிரஷரும் இறங்கினால் அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அது கனெக்டிங் ராடு பேரிங்.

இன்னொன்றும் சொன்னார். மேலே லேசாக 'டிக் டிக்' என்னும் டாப்பெட்டைவிட, சத்தமே போடாத டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டுமாம். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. அதற்கு முந்தைய இன்ஜின்களில் வால்வு இருக்கை சிறிது சிறிதாக அமுங்கும், இடைவெளி குறையும், சத்தம் அடங்கும், கடைசியில் வால்வு கருகும். தகராறு செய்யும் வாடிக்கைக்காரரைவிட, பேசாமல் பாக்கியை ஏற்றிக்கொண்டே போகிறவர்தான் நம்மைக் கவிழ்ப்பார் என்பது நமக்குத் தெரியாததா?

நம் ஊர்ப் புழுதியையும் மறக்கக்கூடாது. 1939-ல் டால்மியாபுரம், 1979-ல் அரியலூர் அரசு ஆலை என்று சிமெண்ட் ஆலைகள் வந்த பூமி இது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யாவிட்டால், அந்தத் தூசியே பிஸ்டன் ரிங்கை அரைத்துவிடும்.

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் லோடு வேன் டிரைவர், "அடியில இடிக்குது முதலாளி" என்றார். "சின்ன வெங்காயம் மெட்ராஸ் போய் இறங்கட்டும், பார்க்கலாம்" என்றோம். தொழுதூர் தாண்டி ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைத்தது. மாற்று வண்டி பிடித்து ஏற்றுவதற்குள் மழையில் பாதிச் சரக்கு வீண். இன்ஜினும் போயிற்று, சந்தையும் தவறிற்று. டிரைவர் சொன்னது சரி. கேட்காதது நாம்.

இதிலிருந்து நாம் சொல்ல வருவது ஒன்றே. பட்டறைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பணம் தருகிறோம், கழற்றி மாட்டினால் கூலி தருகிறோம். கோளாறு இன்னதென்று கண்டுபிடித்துச் சொன்னவருக்கு மட்டும் "நன்றி அண்ணே" என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறோம். கேட்பதற்குக் கூலி இல்லையென்றால் அவர் கழற்றித்தானே பிழைக்க வேண்டும்? குத்தூசி போட்டுப் பாராமல் மூட்டை வாங்குவோமா? வண்டிக்கு மட்டும் ஏன் குத்தூசி வேண்டாம் என்கிறோம்?

"கேட்டதற்கே காசா?" என்று சிலர் சிரிக்கலாம். நம் மேஸ்திரி அன்று கூலியாகக் கேட்டது 300 ரூபாய். நாம் 500 கொடுத்தோம். 45 ஆயிரத்துக்கு முன் அது பெரிய தொகையா?

ஆகவே அங்கத்தினர்களுக்கு நம் யோசனை: பழைய வண்டியில் புதுச் சத்தம் கேட்டால் எப்போது, எங்கே, எந்த வேகத்தில் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு பார்ப்பதற்குத் தனிக் கூலி பேசுங்கள். காரணம் தெரியும்வரை இன்ஜினில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவர் "ஏதோ சத்தம் வருது" என்றால் அன்றே காது கொடுங்கள். லோடு ஒரு நாள் தாமதமானால் நட்டம் ஒரு நாளோடு போகும்.