செயினை மட்டும் மாத்துன்னு சொல்றவங்களுக்கு

டவுன்ல இருக்கிற நண்பர்களுக்கு மெக்கானிக்னாலே திருடன். "கேட்டது ஒரு செயின், எழுதினது ஏழு சாமான்" என்று சொல்லாத ஆளே இல்லை. போன வாரம் அம்பத்தூர்ல இருக்கிற என் அக்கா மகனும் அதே பாட்டு.

அவனுடையது பழைய டீசல் ஸ்விஃப்ட். காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு சத்தம். டைமிங் செயின் தொய்ஞ்சு போச்சு. செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம், ஆயில் சீல், தண்ணி பம்ப் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கார். இவன் செயினை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பேனாவால அடிச்சுட்டான். "பாதிக் காசு மிச்சம் மாமா" என்று பெருமை வேற.

எனக்கு வந்ததே கோபம். நாலு வருஷம் முன்னாடி நானும் இதே கணக்குப் போட்டவன்தான். என் வண்டியிலும் அதே 1.3 லிட்டர் இன்ஜின், ஃபியட் வடிவமைச்சு மாருதியும் டாடாவும் போட்டது. புதுச் செயினைப் பழைய டென்ஷனர்ல மாட்டச் சொன்னேன். எட்டே மாசம். கோயம்பேட்டுக்குக் கீரை ஏத்திப் போகும்போது பூந்தமல்லி தாண்டி இன்ஜின் நின்னுடுச்சு. செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிருந்தது. ஒரு போகத்துக் காசு போச்சு.

செயினை இழுத்துப் பிடிக்கிறது டென்ஷனர். அதுக்குப் பலம் ஆயில் அழுத்தம். கைடு பிளாஸ்டிக், தேயும். தேய்ஞ்ச பல்லுல புதுச் செயின் போட்டா அதையும் சேர்த்துத் தின்னும். 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை வந்த ஊர்ல குடியிருக்கிறவனுக்கு இதைச் சொல்லணுமா? தெருமுனை சைக்கிள் கடையில கேட்டாலே சொல்வாங்க.

எங்க ஊர்ல போர் மோட்டார் எரிஞ்சா பைப் பைப்பா மேல தூக்கணும். செலவே அந்தக் கூலிதான். அப்போ இத்துப்போன கயிறையும் ஒட்டுப்போட்ட கேபிளையும் எவனாவது திரும்ப உள்ள இறக்குவானா?

அதுக்காக எழுதினது எல்லாத்துக்கும் தலையாட்டவும் வேணாம். சில இன்ஜின்ல தண்ணி பம்பும் செயின் மூடிக்குள்ளேயே இருக்கும், சேர்த்து மாத்துறது நியாயம். இந்த இன்ஜின்ல அது வெளிய பெல்ட்ல ஓடுது. ஒழுகலைன்னா எதுக்கு மாத்தணும்? கழட்டின சாமானையும் கையில வாங்கிப் பாருங்க. கொடுக்கத் தயங்கினா அப்போ சந்தேகப்படுங்க.

நேத்து போன் பண்ணினான். மூடியைத் திறந்தாங்களாம், ஒரு கைடு விரிசல் விட்டிருக்காம். அடிச்சதைத் திரும்ப எழுதச் சொல்லிட்டான், பம்பைத் தவிர.